பதினோரு மணிக்குக் காலி செய்யவும்

எத்தனை நாள் சுற்றுலா என்று கேட்டால் எல்லாரும் கடைசி நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அறை வாடகைக்கு விடுகிறவர்கள் கிளப்பிவிட்ட கணக்கு அது. கடைசி நாள் லீவில் சேர்த்தி இல்லை. அது வீடு காலி செய்கிற நாள். நிஜமாகவே வீடு காலி செய்தால் லாரியாவது வரும், மூட்டை தூக்க ஆளாவது வருவார்கள். இங்கே லாரியும் நாமே, ஆளும் நாமே. நடுநடுவே, "கடைசியா ஒரு போட்டோ, எல்லாரும் சிரிங்க" என்று ஓர் அதட்டல் வேறு.

2026ல் குடியரசு தினம் திங்கட்கிழமையில் வந்தது. புனேவாசிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சனி, ஞாயிறு, திங்கள் என்று காலண்டர் வரிசையாகச் சிவந்துவிட்டால் இந்த ஊரில் ஒருவரும் வீட்டில் தங்குவதில்லை. லோணாவளாவுக்கு ஒரு கூட்டம், மஹாபலேஷ்வருக்கு ஒரு கூட்டம். மிச்சமிருப்பவர்கள் ஹுர்டா தின்னப் போகிறவர்கள். நாங்கள் மூன்றாவது கட்சி.

ஹுர்டா என்றால் இளஞ்சோளம். ரபி பருவத்தில் விதைத்த சோளம் டிசம்பர் கடைசியிலிருந்து பால் பிடித்து, முற்றாமல், பச்சையாக நிற்கும். அந்தப் பதத்தில் கதிரை ஒடித்து, தரையில் வெட்டிய குழியில் வரட்டி மூட்டி, அந்தக் கங்கிலும் சாம்பலிலும் சொருகிச் சுடுவார்கள். அந்தக் குழிக்கு ஆக்டி என்று பெயர். சுட்ட கதிரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துக் கசக்கினால் மணி உதிரும். உமியை ஊதிவிட்டு, நிலக்கடலையும் பூண்டும் இடித்த சட்னி, வெல்லம், கெட்டித் தயிர் என்று தொட்டுக்கொண்டு தின்ன வேண்டியது. ராகுரியில் உள்ள மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகம் இதற்கென்றே 'புலே உத்தரா' என்று ஒரு சோள ரகத்தை வெளியிட்டிருக்கிறது. வறட்சியைத் தாங்க ஒரு ரகம், மாட்டுத் தீவனத்துக்கு ஒரு ரகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்ட்டிக்கென்று ரகம் கண்டுபிடித்தவர்களை இங்கேதான் பார்க்கிறேன்.

இதைத் தொழிலாக்கிக் காட்டியதில் பாராமதிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2005ல் பாண்டுரங் தாவரே என்பவர் அங்கே வேளாண் சுற்றுலாவுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். நகரத்து ஆட்களை விவசாயி வீட்டிலேயே தங்கவைத்து, கட்டை வண்டியில் ஏற்றி, அடுப்படி ரொட்டியைப் போட்டு அனுப்புவது என்பது திட்டம். மழை கைவிட்டாலும் விருந்தாளி கைவிட மாட்டான் என்ற தைரியம்தான். 2020ல் மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்துவிட்டது. இப்போது புனேயைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் 'அடுப்பில் சமைத்த சாப்பாடு' என்று மராட்டியில் பலகை தொங்குகிறது. கேஸ் அடுப்பு வாங்கப் பாட்டிகள் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பு வரும்.

எங்கள் மாமனாருக்கு மட்டும் அரசின் கொள்கை இன்னும் எட்டவில்லை. அவர் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். எழுத்தாளர் கி.ரா.வின் இடைசெவலுக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் ஊர். சோளச்சோறும் கம்பங்கூழும் தின்று வளர்ந்து, இதிலிருந்து தப்பித்தே தீருவது என்று படித்து, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி, மகனை இன்ஜினியராக்கி, அந்தப் புண்ணியத்தில் புனே வாக்கடில் ஒன்பதாவது மாடிக்கு வந்து சேர்ந்தவர். அவரிடம் போய் என் கணவர், "அப்பா, லாங் வீக்கெண்டுக்கு வயக்காட்டுக்குப் போறோம். சோளம் திங்கலாம். தலைக்கு இவ்வளவு ரூபா" என்று சொன்னார்.

மாமா மகனுக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "ஏ தாயி, சோளத்தைத் திங்கிறதுக்கு நாம அவனுக்குக் குடுக்கணுமா, அவன் நமக்குக் குடுக்கணுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் அனுபவம் இருந்தது. சின்ன வயதில் அடுத்தவர் புஞ்சையில் பால் பிடித்த கதிரை ஒடித்துச் சுட்டுத் தின்று, பரண்மேல் காவல் இருந்தவரிடம் கையும் கதிருமாக மாட்டி, முதுகில் வாங்கியவர் அவர். அதே பண்டத்தை மெத்தை போட்டு, டவல் கொடுத்து, 'வெல்கம் டிரிங்க்' என்று மோர் ஊற்றி ஒருவர் விற்கிறார் என்றால் அந்தக் காவல்காரரின் ஆவி என்ன பாடுபடும் என்பதுதான் போகிற வழியெல்லாம் அவர் கவலை.

நாங்கள் தங்கியது ஜுன்னர் தாலுகாவில், நாராயண்காவுக்குக் கொஞ்சம் தள்ளி. புனேயிலிருந்து நாசிக் சாலையில் 75 கிலோமீட்டர் சொச்சம். சிவாஜி 1630ல் பிறந்த சிவ்னேரிக் கோட்டை இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. நாணேகாட் கணவாயும் இங்கேதான். சாதவாகனர் காலத்துக் கல்வெட்டு உள்ள அந்தக் கணவாயில் வணிகர்கள் சுங்கக் காசு போட்டது என்று ஒரு பெரிய கல் தொட்டியைக் காட்டுவார்கள். ஃபாஸ்டேக் வந்தபிறகு தொட்டி மட்டும்தான் காணாமல் போயிருக்கிறது. மற்றபடி எங்கே பார்த்தாலும் திராட்சை, தக்காளி, கரும்பு. கரும்புக்குள் சிறுத்தை.

சிறுத்தை வேடிக்கையில்லை. ஜுன்னர் வட்டாரத்துச் சிறுத்தைகள் காட்டை விட்டுக் கரும்புக்காட்டுக்குக் குடிவந்து பல தலைமுறை ஆகிறது. அங்கேயே குட்டி போட்டு வளர்க்கின்றன. பிடிபட்டவற்றைப் பராமரிக்க மாணிக்டோவில் ஒரு மீட்பு மையமே இருக்கிறது. பம்ப்செட்டுக்கு மின்சாரம் ராத்திரியில் வருகிற முறை வந்தால், தண்ணீர் பாய்ச்ச விவசாயி இருட்டில்தான் போக வேண்டும். உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் பொழுது சாய்ந்தால் யாரும் தனியே வெளியே போகக்கூடாது என்று பண்ணைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாயால் சொன்ன சட்டம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பலகையில்.

பண்ணைக்காரரின் மைத்துனர் புனேயில் சதாசிவ பேட்டைக்காரராம். பலகைகள் அவர் கைவண்ணம். புனேயின் பழைய பேட்டைகளில் வாசலுக்கு வாசல் தொங்கும் 'புணேரி பாட்யா' அறிவிப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இலக்கண சுத்தமான மராட்டியில் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் அவமானப்படுத்தலாம் என்று. இங்கே கிணற்றடியில், 'கிணறு ஆழமானது. உங்கள் செல்பி அவ்வளவு முக்கியமானதல்ல.' மாமரத்தில், 'நீங்கள் வாடகைக்கு எடுத்தது அறையை. மரம் எங்கள் தாத்தாவுடையது.' எங்கள் அறைக் கதவின் உள்பக்கம், படுத்தால் கண்ணில் படுகிற உயரத்தில், 'காலை பதினோரு மணிக்குக் காலி செய்யவும். பத்தே முக்காலுக்குத் தேட ஆரம்பித்தால் சார்ஜர் கிடைக்காது.'

கடைசி நாளின் முதல் லட்சணம், அன்றைக்குத்தான் எல்லாரும் சீக்கிரம் எழுந்திருப்பார்கள். வந்ததிலிருந்து ஒன்பது மணி வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்த என் கணவர், அன்று ஐந்தரைக்கு எழுந்து, "ஏய், சூரியன் வரப்போகுது, நாம இன்னும் சன்ரைஸே பாக்கல" என்று எல்லாரையும் உலுக்கினார். ஜனவரிக் குளிரில் பல் தந்தியடிக்க வெளியே போய் நின்றோம். சூரியன் கிழக்கேதான் உதித்தது. அதை அவர் நாற்பது கோணத்தில் படம் எடுத்தார். மாமா மட்டும் அதற்கு முன்பே எழுந்து மாட்டுக் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

எட்டு மணிக்கு ஜில்லா பரிஷத் பள்ளியில் கொடியேற்றம். ஊரே வந்திருந்தது. வெள்ளைக் குர்த்தாவும் காந்தி குல்லாயுமாகப் பெரியவர்கள், இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையில் பிள்ளைகள். குடியரசு தினத்துக்கு மஹாராஷ்டிரத்தில் ஜிலேபி தின்றே ஆக வேண்டும். அரசியல் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று தெரியாது, ஆனால் தெருவுக்குத் தெரு ஜிலேபிச் சட்டி வைத்துவிடுவார்கள். எங்கள் சின்னவன் தன் பங்கை முடித்துவிட்டு, வரிசையின் கடைசியில் புதுப் பையனாக மறுபடி போய் நின்றான். ஆசிரியைக்குத் தெரிந்துதான் இருந்தது. கொடுத்துவிட்டார்.

அந்த ஜிலேபித் தெம்பில்தான் அவன் கன்றுக்குட்டிக்கு விருந்து வைக்கப் போனான். தீவனத்துக்கு அறுத்த சோளக்கொல்லையில் மறுதாம்பு துளிர்த்திருந்தது. பச்சைப்பசேலென்ற அந்தக் குருத்தை இரண்டு கை நிறையப் பறித்து, கட்டியிருந்த கன்றின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"ஏலேய், போடுறா கீழ!"

மாமா கத்திய அதே நொடியில் பண்ணைக்காரரும் மராட்டியில் கத்தினார். இருவரும் இரண்டு பக்கத்திலிருந்து ஓடி வந்தார்கள். மாமா பேரன் கையைத் தட்டிவிட, பண்ணைக்காரர் கன்றை இழுத்துக்கொண்டார். சோளத்தின் இளங்குருத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டாகும். முளைத்த பயிரோ, மறுதாம்போ, வறட்சியில் வாடியதோ, அதை மாடு வயிறு முட்டத் தின்றால் அரைமணி நேரத்தில் கால் பரப்பி விழுந்துவிடும். பயிர் வளர்ந்து பூத்தபிறகு பயமில்லை. இன்ஜினியருக்கும் தெரியாது, இன்ஜினியர் மனைவிக்கும் தெரியாது, தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய பட்டியலிலும் இல்லை. தெரிந்தவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'ஓ, நீரும் அந்த ஆள்தானா' என்கிற பார்வை.

அதற்குப்பின் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. அவருக்கு மராட்டி தெரியாது, பண்ணைக்காரருக்குத் தமிழ் தெரியாது. இந்திக்கும் இருவருக்கும் ஆகாது. ஆனாலும் பம்ப்செட் அறைத் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். யூரியா, போர், லேபர், ரேட், கரண்ட், லோன். இவ்வளவுதான் பொதுச் சொற்கள். இந்திய விவசாயத்தைப் பற்றிப் புகார் சொல்ல இதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பண்ணைக்காரர் கையை நீட்டி, கரும்பை விலக்கி, சிறுத்தை எப்படி நின்றது என்று நடித்துக் காட்டினார். மாமா எழுந்து குனிந்து, மூக்கால் மண்ணைக் கிளறி, எங்கள் ஊர் மக்காச்சோளக் காட்டில் காட்டுப்பன்றி பண்ணுகிற அழும்பை நடித்துக் காட்டினார். பண்ணைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். அமெரிக்கன் படைப்புழுவை மாமா ஒரே ஒரு விரலால் காட்டினார். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு ஆக்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். கடைசி ஹுர்டா. பண்ணைக்காரரின் மனைவி கங்கைக் கிளறி ஐந்தாறு கதிரை உள்ளே தள்ளி, மேலே சாம்பலைப் போர்த்தினார். கதிர் வெடிக்கிற சத்தம் மெதுவாகத்தான் வரும். சட்டச்சட என்று நாலு சத்தம், பிறகு பச்சைத் தவிட்டு வாசனை, அதன் பின்னால் லேசாகக் கருகிய இனிப்பு. கரண்டிக் காம்பால் வெளியே இழுத்து, சாம்பலைத் தட்டி, சாக்கின்மேல் போட்டார். கணவர் ஒரு கதிரை எடுத்தார், எடுத்த வேகத்தில் கீழே போட்டார், மறுபடி எடுத்து, அழைப்பிதழைப் பிடிக்கிற பவ்யத்தில் இரண்டு விரலால் பிடித்துக் கசக்கினார். ஏழு மணி உதிர்ந்தது. மூத்தவள் எண்ணிச் சொன்னாள்.

மாமா ஒன்றும் பேசாமல் வேட்டியை மடக்கிக் குத்தவைத்து உட்கார்ந்தார். கதிரை இடது உள்ளங்கையில் படுக்கவைத்து, வலது கையின் அடிப்பாகத்தால் அழுத்தி, ஒரே பக்கமாக உருட்டிக்கொண்டே போனார். காம்பைத் தூக்கிப் போட்டார். கை நிறைய மணியும் உமியும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு உயரத்திலிருந்து ஒழுகவிட்டு, நடுவே ஊதினார். உமி எல்லாம் கணவர் சட்டைமேல் போய் உட்கார்ந்தது. மிச்சம் பச்சை முத்துகள். அதைப் பேத்தி கையில் கொட்டினார். பண்ணைக்காரரின் மனைவி, "காகாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று மராட்டியில் சொல்லிவிட்டு, அடுத்த கதிர்களை நேரே அவரிடமே கொடுக்க ஆரம்பித்தார். பக்கத்து அறைகளில் தங்கியிருந்த இரண்டு குடும்பங்களும் அவரைப் பண்ணையாள் என்று நினைத்துக் கையை நீட்டின. அவர் எல்லாருக்கும் கசக்கிக் கொடுத்தார். ஒருவர் போகும்போது ஐம்பது ரூபாய் நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டார்.

"அப்பா!" என்றார் கணவர்.

"வேலைக்குக் கூலி. நீ சும்மா இரு."

பத்தரை மணிக்குக் கணவருக்கு அந்த நோய் வந்தது. நகரத்து ஆண்களுக்குக் கிராமத்துச் சுற்றுலாவின் கடைசி நாளில் தவறாமல் வருகிற நோய்தான். இடுப்பில் கை வைத்து, தூரத்து மலையைப் பார்த்து, "பேசாம இங்க ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டா என்ன?" என்பார்கள். 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது இதே ஜுன்னர் வட்டாரத்து விவசாயி ஒருவர் ஒரே மாதத்தில் கோடி ரூபாய்க்கு மேல் பார்த்தார் என்று பத்திரிகைகளில் வந்தது. அந்தச் செய்தியை அவர் போனில் சேமித்து வைத்திருக்கிறார். விலை இல்லாமல் தக்காளியைச் சாலையில் கொட்டிவிட்டுப் போன மற்ற மாதங்களின் செய்தி எதுவும் அதில் இல்லை.

பண்ணைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரு விஷயத்தைச் சொன்னார். மஹாராஷ்டிரத்தில் விவசாய நிலம் வாங்க வேண்டுமானால், வாங்குகிறவர் ஏற்கெனவே விவசாயியாக இருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டம். நம் ஊர்ப் பட்டா, சிட்டாவின் இடத்தில் இங்கே 'சாத்-பாரா' என்று ஓர் ஏடு உண்டு. அதில் பெயர் இருந்தால் விவசாயி. இல்லாவிட்டால் கலெக்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கணவர் இதை மாமாவுக்குத் தமிழில் சொன்னார். மாமா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"ஏலே, நம்ம நாலு ஏக்கர் கரிசலை எதுக்கு வித்தேன்னு நெனப்பிருக்கா? ஒனக்கு பீஸ் கட்ட. நம்ம வம்சத்துல இனிமே எவனும் சம்சாரியா இருக்கக்கூடாதுன்னு வித்தேன். ஆச்சு. இப்ப சம்சாரி ஆகணும்னா மொதல்லயே சம்சாரியா இருந்திருக்கணுமாம். அருமையான சட்டம்ல."

மலை அப்படியே இருந்தது. கணவர் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இனி மூட்டை கட்டும் படலம். வரும்போது டிக்கியில் அடங்கிய சாமான், போகும்போது அடங்காது. அதே சட்டை, அதே துண்டு, ஆனால் ஈரம் ஏறியிருக்கும். பிள்ளைகள் தொட்டியில் குளித்த துணிக்கு ஒரு பை, சேறு மிதித்த செருப்புக்கு ஒரு பை, யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஒற்றைச் சாக்ஸுக்கு ஒரு பை. இந்த வேலையை விடுமுறைப் பட்டியலில் எந்தப் பண்ணைக்காரரும் போடுவதில்லை; போட்டால் பெண்கள் வர மாட்டார்கள். நான் மடித்துக்கொண்டிருக்கும்போதே சாமான் பெருகிக்கொண்டிருந்தது. கணவர் திராட்சை வாங்கினார். பிறகு தக்காளி, ஒரு முழு பிளாஸ்டிக் கிரேட், "தோட்டத்து விலைடா" என்ற மகிழ்ச்சியில். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு இருபது கிலோ. பண்ணைக்காரர் அன்பாக நாலு முழுக் கரும்பு கொடுத்தார். முழுக்கரும்பை வெட்டி வைக்கலாம் என்று நான் சொன்னதை, பொங்கல் கரும்பை யாராவது வெட்டுவார்களா என்று மாமியார் தள்ளுபடி செய்தார். பொங்கல் முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

அத்தையின் சொந்தக் கொள்முதல்தான் எல்லாவற்றிலும் கனம். பண்ணைக்காரரின் மனைவியோடு சேர்ந்து பாக்ரி ரொட்டி தட்டக் கற்றுக்கொண்ட உரிமையில், கொட்டகைச் சுவரில் தட்டிக் காயவைத்திருந்த வரட்டியில் ஒரு சாக்கு கேட்டு வாங்கிவிட்டார்.

"அத்தை, ஒன்பதாவது மாடியில வரட்டியை என்ன செய்யப்போறோம்?"

"ஓமத்துக்கு ஆகும். ஆன்லைன்ல ஒரு வரட்டி என்ன வெலை விக்குதுன்னு தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியும். நான்தான் போன தடவை ஆர்டர் போட்டேன். அதனால் சாக்குக்கு இடம் கொடுத்தேன். கரும்பு பின்சீட்டு ஜன்னலில் புகுந்து முன்சீட்டு ஜன்னலில் வெளியேறியது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பண்ணைக்காரர் வந்து கதவை மரியாதையாகத் தட்டினார். கையில் துடைப்பத்தோடு ஒரு பையன் பின்னாலேயே நின்றான்.

நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். "வந்ததுதான் வந்தோம்" என்ற இரண்டு சொல்லில்தான் தமிழ்க் குடும்பங்களின் பாதிப் பெட்ரோல் தீர்கிறது. வந்ததுதான் வந்தோம், கோடத் போய் அந்த ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிடலாம் என்றார் கணவர். பார்க்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஜி.எம்.ஆர்.டி. என்பார்கள். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள், கம்பி வலையால் ஆனவை. பதினான்கு நடுவே ஒரே இடத்தில், மற்றவை மூன்று கைகளாக வயலும் ஊருமாகப் பரந்து 25 கிலோமீட்டருக்குச் சிதறி நிற்கின்றன. கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானி கட்டியது. நம் ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு 1970ல் ஒரு தொலைநோக்கி வைத்தாரே, அதே ஆள். உள்ளே போக முன்அனுமதி வேண்டும். சாலையிலிருந்து பார்க்க அனுமதி தேவையில்லை. வெங்காயக் காட்டுக்கு மேலே அந்த வெள்ளைக் கிண்ணம் வானத்தைப் பார்த்து நின்றதைப் பார்த்ததும் சின்னவனே கொஞ்ச நேரம் வாயை மூடினான்.

"அது என்னத்தக் கேக்குதுப்பா?"

"கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நட்சத்திரங்கள்லேருந்து கெளம்புன ரேடியோ அலை. ரொம்ப ரொம்பச் சன்னமா இருக்கும். அதான் செல்போன் எரைச்சல் இல்லாத எடமாப் பாத்து வச்சிருக்காங்க."

அந்த நேரத்தில் காருக்குள் ஆபீஸ் குழுவில் மறுநாள் ஒன்பதரை மணிக் கூட்டத்துக்கான நினைவூட்டல், பள்ளிக் குழுவில் வீட்டுப்பாடம், சொசைட்டிக் குழுவில் தண்ணீர் லாரிச் சண்டை மூன்றும் ஒன்றாக வந்து இறங்கின. பிரபஞ்சம் அன்று எங்களைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டிருக்கும். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு கிண்ணத்தைக் கும்பிட்டார். எதற்கும் இருக்கட்டுமே என்றார்.

புனேக்கும் நாசிக்குக்கும் நடுவே ஓர் அதிவேக ரயில் வருவதாக இருந்தது. அந்தப் பாதை தொலைநோக்கிக்கு இடைஞ்சல் என்று சொல்லி, வேறு வழியில் போடுவதாக ரயில்வே முடிவெடுத்துவிட்டது. அறிவியலுக்கு நல்லது. சாகனில் மாட்டிக்கொள்ளும்வரை நானும் அறிவியல் பக்கம்தான் இருந்தேன்.

சாகன். ஃபோக்ஸ்வேகன், மஹிந்திரா, மெர்சிடிஸ் பென்ஸ் என்று கார் செய்கிற கம்பெனிகள் வரிசையாக நிற்கிற வட்டாரம். கார் செய்யத் தெரிந்த ஊரில் கார் நகரத்தான் வழியில்லை. மஞ்சர், ராஜ்குருநகர் எல்லாம் தாண்டி நாலு மணிக்கு வாலைப் பிடித்தோம். ஆம்பேட்டண் சௌக் வந்தபோது இருட்டிவிட்டது. நீண்ட வாரயிறுதியைக் கழித்துவிட்டு ஊரே திரும்பிக்கொண்டிருந்தது. இடப்பக்கக் காரின் ஜன்னலில் கரும்பு. வலப்பக்கக் காரின் ஜன்னலிலும் கரும்பு. முன்னால் நின்ற காரின் கண்ணாடியில் ஒரு குழந்தை திராட்சையை ஒவ்வொன்றாக நசுக்கி ஒட்டிக்கொண்டிருந்தது. யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அவர்களும் தோட்டத்து விலைக்குத் தக்காளி வாங்கியிருந்தார்கள். எங்கள் கிரேட்டின் அடித்தட்டு வேலையை ஆரம்பித்திருந்தது. மூடிய கண்ணாடிக்குள் தக்காளிச் சாறும் வரட்டியும் கலந்த வாசனைக்கு ஏசி உதவி செய்தது. கணவரின் போனில் நாலு சதவீதம். சார்ஜரை அப்போதுதான் தேடினார். பலகையில் எழுதியிருந்தவரின் தீர்க்கதரிசனத்தை நான் எடுத்துச் சொல்லவில்லை, நினைவூட்டல் மட்டும் செய்தேன்.

அந்த நாலு சதவீதத்தில்தான் பண்ணைக்காரரின் அழைப்பு வந்தது. சார்ஜர் கிடைத்துவிட்டது, கூரியரில் அனுப்புகிறேன் என்று தொடங்கியவர், காகாவிடம் ஒரு சேதி சொல்லச் சொன்னார். பிப்ரவரிக் கடைசியில் சோளம் அறுவடை. ஆள் பஞ்சம். காகா வந்து ஒரு வாரம் களத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தால் போதும். அறை, சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு, சோள மூட்டையும் அனுப்பிவைப்பாராம். கணவர் மொழிபெயர்த்து முடித்த இடத்தில் போன் அணைந்தது.

மாமா பின்சீட்டில், கரும்புக்கும் வரட்டிக்கும் இடையில், நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா தாயி" என்றார். அதோடு வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மோஷியில், போசரியில், நாசிக் பாட்டாவில் நாங்கள் நின்ற நிறுத்தங்கள் எதுவும் அவரைப் பாதித்ததாகத் தெரியவில்லை. ஒன்பதேகாலுக்கு வாக்கட். லிப்டில் கரும்பு நிற்காது என்று காவலாளி சொல்லிவிட்டார். கணவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார். ஒன்பது மாடி.

போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். ஹுர்டாவுக்கு பிப்ரவரி முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள். அதன்பின் கதிர் முற்றிவிடும், கை வலிப்பதுதான் மிச்சம். திரும்புகிற நாளில் பதினோரு மணி வரை அறைக்குக் காசு கொடுத்திருக்கிறோமே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். விடிகாலை ஆறு மணிக்கே வண்டியை எடுங்கள். மத்தியானத்துக்கு மேல் சாகனுக்குள் நுழையவே நுழையாதீர்கள். தக்காளி இரண்டு கிலோ போதும். வீட்டில் விவசாயம் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரை மறக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள், திரும்பும்போது அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தாலும் பாதகமில்லை.